சாம்பல் தொட்ட விரல்கள்

சித்திரை பிறந்து பத்து நாட்கள் ஆகியிருந்த ஒரு காலையில் விழுப்புரம் சந்திப்பில் ரயில் ஏறினேன். பண்ருட்டி, கடலூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் அந்தப் பாதையில் பிரயாணம் செய்பவர்களிற் பலர், திருவதிகை வீரட்டானேசுவரரையோ, திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலேசுவரரையோ, தில்லையில் ஆடும் பெருமானையோ தரிசிக்கும் எண்ணத்தோடு செல்பவர்கள். நான் சென்றதோ வேறொரு காரியமாக. தாவரங்கள் தம் உடலுக்குள்ளேயே ஆக்கி வைத்திருக்கும் சில அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பில் ஓரிடத்தில் ஒன்றைச் சேர்த்தும் மற்றோரிடத்தில் ஒன்றைக் கழித்தும், நோய்க்கு மருந்தாகக்கூடிய வழிப்பொருள்களை உண்டாக்கும் ரசாயன வித்தையைப் பற்றிப் பல வருஷங்களாகப் படித்து வந்த எனக்கு, அந்த அமிலங்களுள் ஒன்று கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் மூட்டை மூட்டையாக விளைகிறது என்பதும், அந்த வித்தையைக் கற்பிக்கும் பெரிய கலாசாலை அதே மாவட்டத்தின் தெற்கே 1929ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது என்பதும் புத்தகச் செய்திகளாகவே இருந்து வந்தன. இரண்டையும் ஒரே பிரயாணத்தில் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்ற ஆவலே என்னைப் புறப்படச் செய்தது.

பண்ருட்டியில் இறங்கியவனை முதலில் எதிர்கொண்டது பலாப்பழத்தின் வாசனை. அதை விட்டு அகன்று, கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர்ப் பக்கமாகப் பஸ்ஸில் போகப் போக, இருமருங்கிலும் செம்மண் மேடுகளில் முந்திரித் தோப்புகள் தொடங்கிவிட்டன. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கரையேறிய தானே புயல், தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியையும் பலாவையும் ஒரே நாளில் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பிள்ளைக்குப் பிள்ளையாகத் தங்களைத் தாங்கிய மரங்கள் விழுந்து கிடந்ததைக் கண்ட குடியானவர்கள் அந்த நாளை இன்றும் ஒரு சாவு வீட்டைச் சொல்லுவதைப்போலவே சொல்லுகிறார்கள்.

முந்திரி நம் தேசத்து மரம் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது. நாஞ்சில் நாட்டார் அதன் விதையைக் கொல்லாங்கொட்டை என்பர். பழத்துக்குள் அடங்கியிராமல் பழத்துக்கு வெளியே வந்து தொங்கும் அந்தக் கொட்டையைப் பார்த்துத்தான், கேட்பதற்கு முன்னே வாய் திறப்பவனை முந்திரிக்கொட்டை என்று நம் பாட்டிமார் கடிந்துகொண்டார்கள். வெளியே தொங்கும் விதைக்குப் பாதுகாப்பு வேண்டுமல்லவா? அதற்கு அந்த மரம் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு மிக நுட்பமானது. கொட்டையின் வெளித்தோட்டுக்கும் உள்தோட்டுக்கும் இடையில் தேன்கூட்டைப் போன்ற சிறு சிறு அறைகள் இருக்கின்றன. அவ்வறைகளில் செங்கருமை நிறமான ஓர் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. பூச்சியோ விலங்கோ பருப்புக்கு ஆசைப்பட்டு ஓட்டைக் கடித்தால், அந்த எண்ணெய் அதன் வாயைச் சுட்டுவிடும்.

பூச்சியைச் சுடுவது மனிதனையும் சுடும் என்பதை, சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரின் கீற்றுக் கொட்டகையில் அன்று முற்பகலில் நேரில் கண்டேன். நீராவியில் அவித்து ஆறவைத்த கொட்டைகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக அமர்ந்து, கையால் கொட்டையை வெட்டுக்கத்திக்கு இடையில் வைத்து, காலால் மிதிகட்டையை அழுத்தி, ஓடு இரண்டாகப் பிளந்ததும் பருப்பு உடையாதபடி ஊசிமுனையால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சட்டியில் அடுப்புச் சாம்பல் இருந்தது. நாலைந்து கொட்டைக்கு ஒரு முறை, பேச்சை நிறுத்தாமலே, விரல்களை அந்தச் சாம்பலில் தொட்டுக்கொண்டார்கள்.

வயது அறுபதிருக்கும் ஓர் அம்மையார் என் பார்வை போன இடத்தைக் கண்டு, கேளாமலே தம் வலக்கையை நீட்டினார். நகக்கண்கள் கரியாகக் கறுத்திருந்தன. விரல் நுனிகளில் தோல் உரிந்து, வெளுத்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரிந்து, ரேகைகள் தேய்ந்து கூழாங்கல்லைப்போல வழவழப்பாக இருந்தன.

"எத்தனை வருஷமாக இந்த வேலை, அம்மா?"

"வயசுக்கு வந்ததிலேருந்து இதேதாங்க ஐயா. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்கணும். இல்லாட்டி அரை நாள் தாங்காது, கொப்புளம் போட்டுடும். ரேஷன் கடையில கைநாட்டு வைக்கச் சொன்னா மெஷினுல விழவே மாட்டேங்குது. எம் மவ வந்து வச்சாத்தான் அரிசி."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமோ புகாரோ இல்லை. வானம் மூடியிருக்கிறது என்று சொல்லுவதைப்போலச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் அன்று முழுவதும் அந்தச் சொல் நெஞ்சில் உறுத்திக்கொண்டேயிருந்தது.

அந்தச் சாம்பலைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். விறகுச் சாம்பல் எண்ணெயை உறிஞ்சுகிறது என்பது மட்டும் அன்று. அதில் காரத் தன்மையுள்ள உப்புக்கள் இருக்கின்றன. முந்திரி ஓட்டு எண்ணெயிலோ அமிலம் இருக்கிறது. அமிலத்தைக் காரம் பற்றிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பள்ளிக்கூடத்துப் படியேறாத அந்தப் பெண்கள் தலைமுறை அனுபவத்தால் அதே உபாயத்தைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

அந்த அமிலத்துக்கு அனகார்டிக் அமிலம் என்று பெயர். 1847ஆம் ஆண்டில் ஷ்டேடலர் என்ற ஜெர்மானிய ரசாயனியார் அதைப் பிரித்து வெளியிட்டார். சூடு காட்டாமல் எடுத்த ஓட்டு எண்ணெயில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் அதுவே. எஞ்சியவற்றுள் கார்டால், கார்டனால் என்பவை முக்கியமானவை. தோலைப் புண்ணாக்குவதில் அமிலத்துக்கும் கார்டாலுக்கும் பங்குண்டு. எண்ணெயைக் கடுமையாகக் காய்ச்சினால், அனகார்டிக் அமிலம் தன்னிடமுள்ள அமிலப் பகுதியைக் கரியமில வாயுவாக விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறிவிடும். வண்டிகளின் பிரேக் கட்டைகளுக்கும் வர்ணங்களுக்கும் போகும் சரக்கு இந்தக் கார்டனால்தான். ஆகவே உலகச் சந்தையில் விலைபோகும் காய்ச்சிய எண்ணெயில், மருந்து தேடுபவன் விரும்பும் அமிலம் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கிறது.

இந்த அமிலத்தின் அமைப்பைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம். அதன் ஒரு முனையில் அமிலப் பகுதி. பக்கத்து முனையில் ஹைட்ராக்சில். இதுவரையில் எழுதினால் அது ஐரோப்பாவில் வில்லோ மரப்பட்டையின் வழியாக அறியப்பட்ட சாலிசிலிக் அமிலம். அமிலப் பகுதியின் மறுபக்கத்தில் பதினைந்து கார்பன் நீளமுள்ள ஒரு வாலை ஒட்டிவிட்டால் அதுவே அனகார்டிக் அமிலம். வில்லோ மரத்தையும் பண்ருட்டி முந்திரியையும் இப்படி உறவாக்கி வைத்திருக்கும் இயற்கையின் சிக்கனத்தை என்னென்பது!

வில்லோவின் கதை வாசகர் பலருக்கும் தெரிந்ததே. 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் அப்பட்டையின் தூள் குளிர்காய்ச்சலைத் தணிப்பதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்; 1838இல் பீரியா என்ற இத்தாலியர் சாலிசிலிக் அமிலத்தை ஆக்கினார்; அந்த அமிலம் நோயைத் தணித்ததோடு வயிற்றையும் புண்ணாக்கியது. 1897இல் பெலிக்ஸ் ஹாப்மன் என்ற ரசாயனியார் அதன் ஹைட்ராக்சிலில் ஓர் அசிட்டைலை மாட்டிவிட்டார். காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் துண்டு அது. அப்படிப் பிறந்ததே ஆஸ்பிரின். அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல்தான் விளக்கினார். தாவர அமிலத்தின் வழிப்பொருள் என்றால் என்ன என்று கேட்பவருக்கு ஆஸ்பிரினைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடையாது.

நம்மவர்களுக்கும் இந்த எண்ணம் புதிதன்று. முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்ததே சேராங்கொட்டை. அதன் பால் துணியில் பட்டால் போகாத கறையாகிவிடும் என்பதால் வண்ணார் குறியிட அதைப் பயன்படுத்தினர்; உடம்பில் பட்டால் வெந்துபோகும். அப்படிப்பட்ட கொட்டையைச் சித்த வைத்தியர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. சுத்தி செய்து, அதாவது அதன் கொடுமையை முறைப்படி நீக்கி, சேராங்கொட்டை நெய் முதலிய ஔஷதங்களாக்கினார்கள். எரிக்கும் பொருளைத் திருத்திக் குணப்படுத்தும் பொருளாக்குவது என்ற சங்கற்பம் அன்றைய வைத்தியருக்கும் இன்றைய ரசாயனியாருக்கும் பொதுவானது. முறைகள் வேறு, சோதித்து நிறுவும் கண்டிப்பிலும் இரண்டும் வேறு. அந்த வேற்றுமையை மறைத்துப் பேசுவது இரண்டுக்கும் நன்மை செய்யாது.

பிற்பகலில் பண்ருட்டிக்குத் திரும்பி மறுபடி வண்டி ஏறினேன். நெல்லிக்குப்பத்துக் கரும்பாலையைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கியபோது மாலை மயங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. சன்னிதித் தெருவில் ஒருவர் கையில் தூபக்கால் ஏந்திக் கடை கடையாக ஏறி இறங்கி, தணலில் ஒரு சிட்டிகை தூவிச் சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டு போனார். கடைக்காரர்கள் கல்லாப்பெட்டியின்மேல் புகை படும்படி கையால் அணைத்துவிட்டு, அவர் தட்டில் ஒரு நாணயம் வைத்தார்கள். என் மனம் போனது அந்தப் புகைக்குள் இருந்த அமிலங்களின்மேல்.

சயாம் தேசத்துச் சாம்பிராணியில் பென்சாயிக் அமிலமும், சுமத்திராச் சாம்பிராணியில் சின்னமிக் அமிலமும் மிகுதி. இப்படி மணமுள்ள பிசின்களிலிருந்தும் தைலங்களிலிருந்தும் முதன்முதலில் அகப்பட்டதால்தான் அந்தக் காலத்து ரசாயனியார்கள் இந்தக் குடும்பத்துக்கு அரோமாட்டிக், அதாவது மணமுடையவை, என்று பேரிட்டார்கள். 1865இல் கெக்குலே என்ற ரசாயனியார் பென்சீனின் வளைய அமைப்பை எடுத்துரைத்தபின், மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வளையம் உடையவற்றுக்கெல்லாம் அப்பெயர் நிலைத்துவிட்டது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் இந்த அமிலங்களின் களஞ்சியமே. 1866ஆம் ஆண்டில் பெருங்காயத்திலிருந்து பிரிக்கப்பட்டதே பெருலிக் அமிலம். பெருங்காயச் செடியின் லத்தீன் பெயரான பெருலா என்பதிலிருந்து வந்த பெயர் அது. அரிசித் தவிட்டிலும் அது நிறைந்திருக்கிறது. கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்தது காலிக் அமிலம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின்கூடச் சின்னமிக் அமிலத்தின் உறவினர்களைக் கோத்துக் கட்டியதே. காலையில் நான் போன சாலையிலேயே இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால் நெய்வேலி வந்திருக்கும். அங்கே பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, எண்ணிலடங்காத ஆண்டுகளுக்கு முன் புதைந்துபோன காடுகளின் லிக்னின்தான் என்று நினைக்கும்போது, இந்த மாவட்டத்தின் மேல்மண்ணும் அடிமண்ணும் அந்த ஆறு கார்பன் வளையத்தினால் நிறைந்ததாகவே எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பஸ்ஸில் புறப்பட்டு, கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே வந்ததும், உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியது. மருந்துச் சரக்கும் ரசாயனச் சரக்கும் செய்யும் ஆலைகள் அங்கே பல. காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுவிட்டன என்று சுற்றுவட்டக் கிராமத்தார் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். வழிப்பொருள்களின் மகிமையைப் பேசவந்தவன் இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிராம் பொருளை ஆக்கும்போது நாலு குடுவைக் கரைப்பான் செலவாகும். அதே காரியத்தை டன் கணக்கில் செய்யும்போது அந்த நாலு குடுவை ஓர் ஆற்றின் தலைவிதியாகிவிடும். எந்த வழிப்பொருளை ஆக்குவது என்று தீர்மானிக்கும் அன்றைக்கே, அதன் கழிவு எங்கே போகும் என்பதையும் தீர்மானிக்காதவனை நல்ல ரசாயனியார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ரயில் பாதையைக் கடந்து கிழக்கே போனால் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தோற்றுவித்த இந்தப் பல்கலைக்கழகம் தமிழிசைக்கும் தமிழ்க் கல்விக்கும் செய்த தொண்டை நாடறியும். ரசாயனத்துக்குச் செய்ததை அறிந்தவர்கள் குறைவு. இங்கே ரசாயனப் பேராசிரியராக விளங்கிய வி. பாலையா, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து நோலரோடு சேர்ந்து 1948இல் வெளியிட்ட ஒரு முறை, இன்றும் உலகெங்கும் அவ்விருவர் பெயராலேயே எடுத்தாளப்படுகிறது. வாதுமை மணமுள்ள பென்சால்டிஹைடு போன்ற ஒன்றையும், ஒரு கீட்டோனையும், அம்மோனியம் அசிட்டேட்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து இதமாகச் சூடு காட்டினால், நைட்ரஜன் ஒன்று கூடிய ஆறணு வளையமான பிப்பரிடின் வகைப் பொருள் கிடைக்கும் என்பது அந்த முறையின் சாரம். பிப்பரிடின் என்ற பெயரே மிளகின் பெயரால் வந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பரினைக் காரத்தில் காய்ச்சிப் பிளந்தால் ஒரு பக்கம் பிப்பரிடினும் மறுபக்கம் பிப்பரிக் அமிலம் என்ற மற்றோர் அரோமாட்டிக் அமிலமும் பிரியும். அண்ணாமலை நகரின் ரசாயன மரபுக்கு மிளகின் வாசனை உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது. அதே வளாகத்தின் உயிர்வேதியியல் துறையில் வேணுகோபால் பி. மேனனும் அவர் மாணவர்களும் பெருலிக் அமிலத்தின் நோய்காக்கும் ஆற்றலை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அத்துறையில் புகுவோர் முதலில் படிப்பவற்றுள் ஒன்று.

ரசாயன ஆராய்ச்சி செய்துவரும் ஒரு மாணவரிடம் என் விருப்பத்தைச் சொல்லி, பண்ருட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வந்த ஓடுகளைக் கொடுத்தேன். அவர் புன்னகையோடு, "காய்ச்சாத ஓடுதானே சார்? அவிச்சதுன்னாலும் பரவாயில்லை, வறுத்ததுன்னா அமிலம் போயிருக்கும்" என்றார். பெங்களூர் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட பிரிப்பு முறையை எனக்குக் காட்ட வேண்டும் என்று அவர் அன்று எஞ்சிய பொழுது முழுவதையும் செலவிட்டார். ஓட்டை இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி நீக்கியதும், பாத்திரத்தின் அடியில் பனைவெல்லப் பாகைப்போல எண்ணெய் தங்கியது. அதை மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையில் கரைத்து, நீற்றிய சுண்ணாம்பை, நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பின் பொடியை, சிறிது சிறிதாகத் தூவினார். பிறகு 50 டிகிரி சூட்டில் வைத்துக் கலக்கிக்கொண்டேயிருந்தார். நேரம் ஆக ஆக, தெளிந்திருந்த கரைசல் குழம்பியது, குழம்பியது திரிந்தது, திரிந்தது கட்டி கட்டியாக அடியில் இறங்கியது. அமிலத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. பிடிபடாத கார்டாலும் கார்டனாலும் மேலே கரைசலிலேயே நின்றுவிட்டன. வடிகட்டிய கட்டியைக் கழுவி அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும், சுண்ணாம்பு தன் பிடியை விட, அனகார்டிக் அமிலம் தனித்து வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதல் நாள் கண்ட சாம்பல் சட்டி கண்முன் வந்து நின்றது. கீற்றுக் கொட்டகையில் சாம்பல் செய்ததும் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு செய்ததும் ஒரே கிரியை. ஓரிடத்தில் அது தோலைக் காத்தது. மற்றோரிடத்தில் அமிலத்தைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தது.

பிரித்த பொருளும் ஒரே பொருள் அன்று, அதன் வால்களில் வேற்றுமை உண்டு என்று மாணவர் விளக்கினார். சில வால்களில் இரட்டைப் பிணைப்பே இராது. சிலவற்றில் ஒன்றும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் மூன்றும் இருக்கும். பல்லேடியம் துணைகொண்டு ஹைட்ரஜனை ஊட்டினால் எல்லா வால்களும் ஒருபடித்தாகி, குழகுழப்பான எண்ணெய் வெண்ணிறத் திடப்பொருளாகிவிடும். அதன்பின் வழிப்பொருள் ஆக்குபவனின் கைவரிசை தொடங்கும். ஹைட்ராக்சிலில் ஒன்றைப் பூட்டலாம், அமிலப் பகுதியை எஸ்டராக்கலாம், அமைடாக்கலாம், வாலைக் குறைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலன் வேறாகும்.

எவ்வளவு வேறாகும் என்பதற்குப் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் தபஸ் குண்டுவும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சி சான்று. நம் உயிரணுக்களில் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ இழை, ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் நூற்கண்டைப்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. பி300 என்ற நொதி அந்தக் கட்டைகளில் ஆங்காங்கே அசிட்டைலை ஒட்டிச் சுற்றைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில்தான் செய்தி வாசிக்கப்படும். ஹாப்மன் ஆஸ்பிரினில் மாட்டிய அதே அசிட்டைல்! முந்திரியின் அனகார்டிக் அமிலம் இந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. அவர்களோ அதன் ஹைட்ராக்சிலில் ஓர் எத்திலைப் பூட்டி, அமிலப் பகுதியை ஓர் அமைடாக்கி, சிடிபிபி என்ற வழிப்பொருளை உண்டாக்கி 2003இல் வெளியிட்டார்கள். அந்தப் பொருள் நொதியைத் தடுக்கவில்லை, தூண்டிவிட்டது. தாய்ப்பொருள் கதவை அடைக்க, மகப்பொருள் அதே கதவைத் திறந்தது. இரண்டே இடங்களில் செய்த மாற்றம் ஒரு பொருளின் சுபாவத்தையே தலைகீழாக்கிய இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆனால் சிடிபிபி உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே புக மறுத்தது. ஆராய்ச்சி மேலும் நடந்து, பதினைந்து கார்பன் வாலே இல்லாத டிடிகே21 என்ற வழிப்பொருள் பிறந்தது. வால் போனபின் எஞ்சிய எலும்புக்கூடு எது? பழைய சாலிசிலிக் அமிலத்தின் எலும்புக்கூடு! முந்திரி காட்டிய வழியில் போனவர்கள் கடைசியில் வில்லோ மரத்தடிக்கே வந்து சேர்ந்தார்கள். குளுக்கோஸிலிருந்து ஆக்கிய மிக நுண்ணிய கார்பன் உருண்டைகளின்மேல் ஏற்றிச் செலுத்தியபோது அது மூளைக்குள்ளும் புகுந்து, சுண்டெலிகளில் ஞாபகத்தை நீண்ட நாள் நிலைக்கச் செய்தது என்று 2013இலும், முதுகுத்தண்டு காயம்பட்ட எலிகளில் நரம்பிழைகள் மறுபடி வளரத் துணை செய்தது என்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியாரோடு கூடி, 2019இலும் வெளியிட்டார்கள். எலிக்கு வாய்த்தது மனிதனுக்கு வாய்க்கப் பல படிகள் ஏற வேண்டும். ஏறியவற்றுள் பெரும்பாலானவை நடுப்படியிலே நின்றுவிடுவதும் உண்டு. எனினும், நடக்க முடியாமல் படுக்கையில் கிடக்கும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலையில் நடராஜப் பெருமானைத் தரிசித்துவிட்டு, பிச்சாவரம் போய்ப் படகு ஏறினேன். தில்லை என்ற பெயரை அத்தலத்துக்குத் தந்த தில்லை மரம் இப்போது சிதம்பரம் ஊருக்குள் காணக் கிடைப்பது அரிது. பிச்சாவரத்து உப்பங்கழியில், சுரபுன்னைகளுக்கிடையே அது நிற்கிறது. துடுப்பை நிறுத்திவிட்டுப் படகுக்காரர் அதைச் சுட்டிக்காட்டினார். நான் இலையைத் தொடக் கை நீட்டியதும், "வேணாங்க ஐயா, பால் கண்ணுல பட்டுச்சுன்னா பார்வை போயிடும்" என்று தடுத்தார். அந்த மரத்தின் லத்தீன் பெயரும் குருடாக்குவது என்றே பொருள்படும். அதன் பாலிலுள்ள கொடிய பொருள்கள் அரோமாட்டிக் அமிலங்கள் அல்ல, வேறு வகுப்பைச் சேர்ந்தவை. என்றாலும் முந்திரி செய்ததையே தில்லையும் தன் முறையில் செய்துகொண்டிருக்கிறது. கடிப்பவனைச் சுடுகிறது. பார்வையைக் கெடுக்கும் மரத்தைத் தலமரமாகக் கொண்டு, காண்பதற்கே முத்தி என்று போற்றப்படும் கோயிலை எடுத்தவர்களின் உள்ளக் கிடக்கையை அறிய எனக்கு ஞானம் போதாது. மரத்துக்கு முன்னால் கைகூப்பினேன்.

திரும்பும்போது ரயிலில் எதிரே அமர்ந்திருந்த குடும்பத்தார் பண்ருட்டிப் பருப்பைப் பிரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் நாலு பருப்பு நீட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, முனை முறியாமல் இருந்தன. எவருடைய விரலோ ஊசிமுனையால் நெம்பி எடுத்தவை.

அண்ணாமலை நகரிலும் கடலூரிலும் ரசாயனம் பயிலும் இளைஞர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாபகத்துக்கும் நரம்புக்கும் மருந்து தேடுங்கள். அது பெரிய காரியம். அதற்கு முன்னால், பஸ் பிரயாணத் தூரத்தில் இருக்கும் அந்தக் கீற்றுக் கொட்டகைக்கு ஒரு முறை போய் வாருங்கள். அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் காரம் எது என்று உங்களுக்குத் தெரியும். தோலைப் புண்படுத்தாமல் அதை விரலில் நிறுத்தும் களிம்பு எப்படிச் செய்வது என்பதும் உங்களால் ஆகாத காரியம் அன்று. இந்த மாவட்டத்து முந்திரி ஓட்டைப் பற்றிய ஆராய்ச்சியின் முதல் மருந்து, அந்த அம்மையாரின் கைரேகை திரும்ப வளர்வதற்கான மருந்தாக இருக்கட்டும்.